அம்பாடி ரோட்டில் ஒன்றரை மணி நேரம்

ஆறரை மணிக்கு பஸ் வந்து நின்றபோது டிரைவர் ஸீட்டில் இருந்தவரைத் தவிர வண்டியில் வேறு யாரும் இல்லை.

வாலாம்பாள் படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நாற்பது ஸீட் பழைய பெட்போர்டு வண்டி. நடுவழியைக் கூட்டியிருந்தார்கள். ஜன்னல்களைத் துடைக்கவில்லை. பின் ஸீட்டுக்கு அடியில் மிதிபட்ட சாமந்திப் பூக்கள் கிடந்தன.

"இன்னொருத்தர் எங்கே? ரெண்டு டிரைவர் அனுப்பறேன்னு சேட் சொன்னாரே."

"ஹனீப் வரணும்மா. ஆளு வந்து சேரல. வஜ்ரேஸ்வரிதான, நான் ஒத்தையிலயே பாத்துக்கிடுதேன்."

தமிழ்க்காரர் என்பது அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பெயர் கேட்டாள். ஜெயினுலாப்தீன் என்றார். கடையநல்லூர்ப் பக்கம், தாராவிக்கு வந்து பதினெட்டு வருஷம். ஐம்பதை நெருங்கும் வயது. இமைகள் தடித்திருந்தன. பேசி முடித்ததும் இறங்கிப் போய் கிங்ஸ் சர்க்கிள் தோட்டத்துக் குழாயில் முகத்தைக் கழுவினார். தலையிலும் இரண்டு கை தண்ணீரை வாரி விட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

வாலாம்பாள் அதைப் பார்த்தாள். அதற்குள் மாமிகள் தூக்குகளோடும் ஜமக்காளங்களோடும் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஆர்மோனியப் பெட்டியை எங்கே வைப்பது என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அவள் பார்த்ததை அப்படியே விட்டுவிட்டு ஆர்மோனியத்துக்கு இடம் தேடப் போனாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஸ்டெனோ. கல்யாணமாகவில்லை. மாட்டுங்காவில் அண்ணா சுந்தரராமனின் வீட்டில் இருந்தாள். மாதர் பஜனை சமாஜத்துக்கு ஒன்பது வருஷமாக அவள்தான் காரியதரிசி. வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாததால் அந்த வேலை அவளிடமே தங்கிவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாள் யாத்திரை. இந்தத் தடவை வஜ்ரேஸ்வரி தேவி கோவிலும் பக்கத்து வெந்நீர் ஊற்றும். அதற்காக ஆபீஸ் விட்டு மூன்று நாள் சயான் பஸ் ஷெட்டுக்கு நடந்து சேட்டிடம் வண்டி பேசியிருந்தாள். இரண்டு டிரைவர் வேண்டும் என்று அவள் கேட்டதும் சேட் சிரித்தார். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வண்டிக்கு எதற்கு இரண்டு பேர் என்றார். அவள் விடாமல் கேட்கவே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இப்போது நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியாக ஏறியவர் மகாதேவன். ரயில்வே ஆபீஸில் சூப்பரின்டெண்ட், செம்பூரில் வீடு. மனைவியும் மகள் ஞானமும் கூட வந்தார்கள். ஏறும்போதே சொன்னார்:

"மாமி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஞானத்தைப் பார்க்க வரா. நேத்து ராத்திரிதான் சொல்லி அனுப்பினா. பையன் நாளைக்குக் கல்கத்தா திரும்பறான். வேற நாளே கிடையாது. இவ அம்மாவானா தேவிக்கு வேண்டிண்டிருக்கேன், போயே தீரணும்கறா. அஞ்சரைக்குள்ளே எங்களை செம்பூர்ல இறக்கி விட்டுடணும்."

"ரெண்டு மணிக்கு அங்கேர்ந்து கிளம்பினா அஞ்சேகாலுக்கு வந்துடலாம்," என்றாள் வாலாம்பாள்.

மகாதேவன் டிரைவரிடமும் போய் அதையே இந்தியில் சொன்னார். தமிழ் தெரியும் என்று தெரிந்ததும் தமிழில் இன்னொரு தடவை சொன்னார். ஜெயினுலாப்தீன் தலையாட்டினார்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. முலுண்ட் வரை பாட்டு. தானாவில் காப்பி. பிவண்டி தாண்டியதும் ஒரு குழந்தை வாந்தியெடுத்தது. வெந்நீர்க் குண்டத்தில் இறங்க முதலில் பயந்தவர்கள் பிறகு ஏற மறுத்தார்கள். தரிசனத்துக்கு வரிசை நீளம். வாலாம்பாள் ஒவ்வொரு இடத்திலும் குழந்தைகளோடு நாற்பத்தொரு தலைகளை எண்ணி எண்ணிச் சலித்தாள். சாம்பார் சாதமும் தயிர்சாதமும் பரிமாறி முடித்துத் தானும் ஒரு கவளம் சாப்பிட்டபோது மணி ஒன்றே முக்கால். டிரைவருக்கு ஓர் இலைப் பொட்டலம் கொடுக்க வண்டிக்குப் போனாள். அவர் இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் படுத்து எழுந்திருக்கப்படாதோ?"

"படுக்கத்தான் நெனச்சேன். ரேடியேட்டர் ஒழுகுது. இத அடைக்கவே நேரம் சரியாப் போச்சு."

இரண்டே காலுக்குப் புறப்பட்டார்கள். பிப்ரவரி மாதத்துக்கு வெயில் அதிகம். ஜன்னல் வழியே புழுதியும் சூடும் வந்தன. பத்து நிமிஷத்துக்குள் வண்டி முழுவதும் தூங்கிவிட்டது. மடியில் தலை வைத்தும், ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டியும், வாய் திறந்தும் தூங்கினார்கள். வாலாம்பாள் முன்னால் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து ஒற்றை ஸீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கண் சொருகியது. முந்தைய நாள் ஆபீஸ் முடிந்து வந்து, இரவு பதினொன்று வரை புளிக்காய்ச்சல் கிளறியிருந்தாள்.

ஹாரன் சத்தம் கேட்டுத்தான் விழித்தாள். நீளமான, நிற்காத சத்தம். எதிரே செங்கல் லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. தப்பு லாரியிடம் இல்லை. பஸ்தான் வலது பக்கம் போயிருந்தது. லாரி டிரைவரின் முண்டாசின் சிவப்புகூட அவளுக்குத் தெரிந்தது. ஜெயினுலாப்தீன் ஸ்டியரிங்கை இழுத்தார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, மண்ணில் இறங்கி, மறுபடி ரோட்டில் ஏறியது. செங்கல் தூள் ஜன்னல் வழியாக உள்ளே விழுந்தது.

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. "என்னது?" என்றார் மகாதேவன் தூக்கக் குரலில்.

"ஆடு குறுக்க வந்துட்டு," என்றார் ஜெயினுலாப்தீன்.

மகாதேவன் மறுபடி தூங்கிப்போனார். ரோட்டில் ஆடு எதுவும் இல்லை.

வாலாம்பாள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்துதான் இருந்தன. ஆனால் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அவர் உள்ளங்கையைத் தொடையில் வேகமாகத் தேய்த்துக்கொண்டார். உதட்டைக் கடித்தார். ஒரு மைல் போயிருக்கும். மோவாய் மெதுவாக மார்பை நோக்கி இறங்கியது.

"பாய்," என்றாள் தாழ்ந்த குரலில். "வண்டியை ஓரமா நிறுத்துங்கோ."

"ஒண்ணுமில்லம்மா. அந்த ஐயாவுக்கு நேரமாச்சி."

"நான் பார்த்துண்டுதான் இருக்கேன். கடைசியா எப்போ தூங்கினேள்?"

அவர் கியரை மாற்றினார்.

"வெள்ளிக்கெழம ராத்திரி. நேத்துப் பூனாவுக்குக் கல்யாண பார்ட்டி. காலைல நாலு மணிக்குத்தான் ஷெட்டுல கொண்டாந்து வுட்டேன். அஞ்சு மணிக்கு சேட் ஆளனுப்பிட்டாரு."

"நிறுத்துங்கோ."

"தூங்கினேன்னு சேட்டுக்குத் தெரிஞ்சா திரும்ப வண்டியில ஏத்த மாட்டாரு. யார்ட்டயும் சொல்லிராதியம்மா."

"சொல்லலை. நிறுத்துங்கோ."

அம்பாடிக்குச் சற்று முன்னால், ரோட்டோரம் மூன்று புளியமரங்கள் நின்ற இடத்தில் அவர் வண்டியை நிறுத்தினார். இன்ஜின் சத்தம் நின்றதும் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வாலாம்பாளுக்கு நேரமில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் படபடன்னு வரது. கொஞ்சம் கீழே படுத்துக்கணும்."

அவள் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. ஆனால் அந்த நேரத்தில் நெஞ்சு உண்மையாகவே அடித்துக்கொண்டிருந்தது. முகமும் வெளுத்திருக்க வேண்டும். யாரும் சந்தேகப்படவில்லை. மரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி வாயில் வெல்லத்தைப் போட்டாள். மகாதேவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்கே படுத்துண்டு என்ன பண்றது? பிவண்டியிலே டாக்டர் இருப்பான். அரை மணியிலே போயிடலாம். ஏறுங்கோ மாமி, ரெண்டு பேரா தாங்கிக்கறோம்."

"வண்டி ஆடினா தாங்காது. அசையாம படுத்தா சரியாயிடும். முன்னேயும் வந்திருக்கு."

"எவ்வளவு நாழி?"

"தெரியலை."

வண்டியின் நிழலில், பின் சக்கரத்தில் தலையைச் சாய்த்து, ஜெயினுலாப்தீன் தூங்கிவிட்டிருந்தார். படுத்த மாதிரியே இல்லை, விழுந்த மாதிரி இருந்தது. ஒரு செருப்பு காலிலும் மற்றது மண்ணிலும் கிடந்தது.

"டிரைவரைப் பாருங்கோ," என்றாள் மகாதேவன் மனைவி. "நன்னா தூங்கறான். அவனுக்கென்ன."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. மகாதேவன் ரோட்டில் போய் நின்றார். பிவண்டி போகிற சர்க்கார் எஸ்.டி. பஸ் ஒன்று வந்தது. கை காட்டினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் படியில் தொங்கியது, வண்டி நிற்கவில்லை. அரை மணி கழித்து இன்னொன்று வந்து அதுவும் அப்படியே போனது. ஒரு லாரிக்காரன் நிறுத்தி, முன்னால் ஒருவருக்கு மட்டும் இடம் இருக்கிறது என்றான். அவர் மனைவியையும் மகளையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையசைத்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரைப் பார்க்கப் பார்க்க வாலாம்பாளுக்குக் கண்ணைத் திறக்கவே பிடிக்கவில்லை.

விசிறியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஞானம் மட்டும் மடித்த பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்தில் டீச்சர். கொஞ்ச நேரம் கழித்து வாலாம்பாளின் மணிக்கட்டை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள்.

"மாமி, நாடி நன்னாத்தானே இருக்கு."

வாலாம்பாள் கண்ணைத் திறந்தாள். இந்தப் பெண்ணிடம் மட்டும் பொய் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"டிரைவர் ரெண்டு நாளாத் தூங்கலை. இப்போ லாரி மேலே மோத இருந்தோம். வெளியிலே சொன்னா அவர் வேலை போயிடும். உனக்கு இன்னிக்கு எப்படிப்பட்ட நாள்னு எனக்குத் தெரியாம இல்லை, ஞானம்."

ஞானம் சக்கரத்தடியில் தூங்குகிறவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னாலே ஏழு பேர் வந்து பார்த்தாச்சு," என்றாள். "நீங்க கண்ணை மூடிக்கோங்கோ."

மறுபடி விசிறத் தொடங்கினாள்.

நாலே கால் மணிக்கு ஜெயினுலாப்தீன் தானாகவே எழுந்தார். யாரும் எழுப்பவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இன்னொரு சொம்பைத் தலையில் கொட்டிக்கொண்டார். வாலாம்பாளும் எழுந்து உட்கார்ந்து, இப்போது பரவாயில்லை என்றாள். வழி முழுவதும் அவர் கண்கள் ரோட்டை விட்டு விலகவில்லை. அவளும் தூங்கவில்லை. ஏழு மணிக்கு செம்பூரில் மகாதேவன் குடும்பம் இறங்கியது. போய் வருகிறேன் என்று ஞானம் மட்டும் சொன்னாள்.

பையன் வீட்டார் ஆறே முக்கால் வரை பக்கத்து வீட்டில் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். மகாதேவன் அன்றைக்கே அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தார். பையனின் அம்மா, முதல் நாளே தடங்கல் ஆகிவிட்டது, பார்க்கலாம் என்றாளாம். பிறகு கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் வாலாம்பாள் ஆபீஸ் போனாள். லீவு மிச்சமில்லை. அதைச் செம்பூர்க்காரர்கள் யாரோ ரயிலில் பார்த்துவிட்டார்கள். நெஞ்சு படபடப்பு வந்தவள் காலை ஒன்பதே முக்காலுக்குக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறிப் போகிறாளே என்ற பேச்சு மாட்டுங்காவுக்கு வந்து சேர இரண்டு நாள் கூட ஆகவில்லை. "உனக்கெதுக்கு இந்தப் பொறுப்பெல்லாம்னு அப்பவே சொன்னேன்," என்றார் அண்ணா. அவள் புடவையை மடித்து வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அவளை வேறொன்று உறுத்தியது. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் சொல்லாமல் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு பார்ட்டியை ஏற்றிக்கொண்டு அதே கண்களோடு அவர் புறப்படுவார். அந்த வண்டியில் முன் ஸீட்டில் யார் விழித்திருப்பார்கள்? மூன்று நாள் இதை மனத்துக்குள் புரட்டினாள். வியாழக்கிழமை ஆபீஸ் விட்டு சயானில் இறங்கி ஷெட்டுக்குப் போனாள். டிரைவரைப் பற்றி எதுவும் சொல்லாமல், இரண்டு டிரைவர் என்று சொல்லி ஒருவரை ஏன் அனுப்பினீர்கள் என்று மட்டும் கேட்பது என்று தீர்மானித்திருந்தாள்.

சேட் அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். அவள் வாயைத் திறக்குமுன் அவரே இந்தியில் ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும் அம்மா. திங்கட்கிழமை காலையில் ஜெயினு தானே வந்து சொல்லிவிட்டான். கண் மூடிவிட்டது, அந்த அம்மா பார்த்துவிட்டாள், அவள் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள், இனிமேல் ராத்திரி ஓட்டிவிட்டுக் காலையில் எடுக்க மாட்டேன் என்றான்."

"அவர் இப்போ எங்கே?" என்று கேட்டாள்.

"வீட்டில் இரு என்றேன். என்னைக் கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். இருபது வருஷமாக இந்தத் தொழில். எல்லா டிரைவருக்கும் கண் மூடும். வாயால் சொன்னவன் இவன் ஒருவன்தான். சொன்ன பிறகு நான் எப்படி அவனை ஏற்றுவது? நாளைக்கு ஏதாவது ஆனால், தெரிந்தேதானே அனுப்பினாய் என்று கேட்பார்கள்."

"ரெண்டு பேர் அனுப்பியிருந்தால் இது நடந்திருக்காது."

"முகம்மது ஹனீப் காய்ச்சலில் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உங்களிடம் வந்து, வண்டி இல்லை, போகாதீர்கள் என்று சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?"

கத்தியிருப்பாள். நாற்பது பேரையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டிருப்பாள். சேட் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பாள். அது அவளுக்கே தெரிந்ததால் பேசாமல் எழுந்து வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பஜனை முடிந்து, சுண்டல் கொடுத்த பிறகு, எல்லாரையும் இரண்டு நிமிஷம் உட்காரச் சொன்னாள். அவரே வெளியில் சொல்லிவிட்ட பிறகு மறைக்க ஒன்றுமில்லை. லாரியை, ஆடு என்ற பொய்யை, தன் நெஞ்சு படபடப்பை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்க கிட்டேயாவது சொல்லியிருக்கலாமே," என்றார் மகாதேவன். மனைவியை அழைத்துப்போக வந்தவர் கதவோரம் நின்றிருந்தார்.

"சொல்லியிருந்தா டீ வாங்கிக் கொடுத்து ஓட்டச் சொல்லியிருப்பேள்."

அவர் மறுக்கவில்லை.

"யாரோ ஒரு டிரைவர் வேலைக்காக எங்க பொண்ணு காரியத்தைக் கெடுத்துட்டேளே," என்றாள் அவர் மனைவி. அவள் குரலில் கோபத்தைவிட அழுகைதான் அதிகம் இருந்தது.

"நாப்பத்தொரு பேர் மாமி. குழந்தைகள் வேறே."

"ஒண்ணும் ஆகலையே. ஒண்ணும் ஆகலையே, வாலாம்பாள்."

ஆகாததை எதைக் காட்டி நிரூபிப்பது?

பின்வரிசையில் தம்பூராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த ஞானம் எழுந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்மா. மாமி சொன்னா. நான்தான் உங்க கிட்டே சொல்லலை," என்றாள். அவள் அம்மா திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் எல்லாரும் அவசரமாகப் பாத்திரங்களை எடுக்க எழுந்துவிட்டார்கள். வாலாம்பாள் சமாஜத்து நோட்டையும் அலமாரிச் சாவியையும் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, இனிமேல் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள்.

ஜூன் மாதம், முதல் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே வாட்ச்மேன் அவளைக் கூப்பிட்டான். கட்டட வாசலில் ஜெயினுலாப்தீன் குடையோடு நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, தலையில் முக்காடு, கையில் மல்கோவா மாம்பழங்கள் நாலு கட்டிய துணிப்பை. சேட்டின் நோட்டில் இருந்த விலாசத்தை வைத்துத் தேடி வந்ததாகச் சொன்னார். மேலே வரச் சொன்னாள். அண்ணா என்ன முகம் காட்டுவாரோ என்ற யோசனை அவள் குரலில் தெரிந்திருக்கும். அவர் பரவாயில்லை என்று அங்கேயே நின்றார்.

"செம்பூர்ல ஒரு பாக்டரி ஆளுகள ஏத்தி எறக்குற பஸ் ஓட்டுதேன்மா, ஒண்ணரை மாசமா. காலைல ஆறு மணிக்கு எடுத்தா ரெண்டு மணிக்கு வுட்டுரலாம். சேட்டே ஒரு ஆள்ட்ட சொல்லி வச்சாரு."

"சேட்டா?"

"ஆமா. அவரு வண்டில ஏத்தல, ஆனா சொல்லி வச்சாரு." அதற்கு மேல் விளக்க அவருக்கும் தெரியவில்லை. "அந்தப் புள்ளைக்கு என்னாச்சி? பாக்க வாரதா இருந்துச்சே."

"ஜபல்பூர்லே ஒரு இடம் அமைஞ்சிருக்கு. ஆவணியிலே கல்யாணம்." பத்திரிகை தனக்கு வருமா என்பது தெரியாது என்பதை அவள் சொல்லவில்லை. "இப்போ நன்னா தூங்கறேளா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். பதிலை அவர் மனைவி சைனப்தான் சொன்னாள்.

"எங்க தூங்குதாக. மூணு மணிக்கே வந்து படுக்காக. கண்ண மூடின ஒடனே வெடுக்குன்னு எந்திரிச்சி உக்காந்துக்கிடுதாக. லாரி வருது லாரி வருதுங்காக. ஓதிப் பாத்தாச்சி, ஆஸ்பத்திரிக்கும் போயாச்சி."

"செவப்பு முண்டாசு," என்றார் ஜெயினுலாப்தீன்.

"ஆமாம்," என்றாள் வாலாம்பாள். "எனக்கும்தான்."

மழை மறுபடி தூறத் தொடங்கியது. அவர் குடையை விரித்து மனைவியின் பக்கம் சாய்த்துக்கொண்டு, தாராவி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். இரண்டு பேரும் தெருவைக் கடக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வாலாம்பாள் மாம்பழப் பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.